ஓவியத் திறமை கடவுள் தந்த வரம் என்றால், என் உழைப்புக்கு என்ன பெயர்?

கேள்வியைப் பார்த்ததும் பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்து எழுதுகிறேன். "சபையில் நான் வரைவதை எல்லாம் தேவன் தந்த வரம் என்கிறார்கள். அப்படியானால் இரவு பகலாக நான் பழகியதற்கு என்ன பெயர்?" என்று கேட்டிருக்கிறீர்கள். வயதைச் சொல்லவில்லை, இருபதுகளில் இருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். ஞாயிறு பள்ளிக்குப் படம், கிறிஸ்துமஸ் நாடகத்துக்குத் திரை, வாலிபர் கூட்டத்துக்குப் பலகை என்று வேலை வாங்கிவிட்டு, கடைசியில் ஜெபத்தில் உங்கள் பெயரைச் சொல்லிக் கணக்கை முடித்திருப்பார்கள். சரிதானே?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வரம்தான். அதை நம்புகிறேன். இனி வருவதைப் படித்துவிட்டு என்னை நாத்திகன் என்று யாரும் எழுத வேண்டாம். ஞானஸ்நானம், திடப்படுத்தல், திருமணம் மூன்றும் ஒரே ஆலயத்தில் நடந்தவன் நான்.

மதுரையில் முப்பது வருடம் விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்தேன். மேலமாசி வீதிப் பக்கம் ஒரு சந்தில் என் குருவின் கடை. இரண்டு வருடம் பிரஷ் கழுவவும் தகரத்துக்குத் துருப்பிடிக்காதிருக்க ரெட் ஆக்சைடு அடிக்கவும் விட்டார். பிறகுதான் எழுத்து, அதுவும் ‘ட’வும் ‘ப’வும் மட்டும். கோடு நடுங்காமல் நிற்கும்வரை வளைவுள்ள எழுத்து எதையும் தொடவிடமாட்டார். முதல் ‘க’வை எழுதியபோது எனக்குப் பத்தொன்பது வயது.

1996-இல் எங்கள் ஆலயத்துக்கு வர்ணம் அடித்தார்கள். பீடத்துக்கு மேலுள்ள வளைவில் வசனம் எழுதும் வேலை எனக்கு வந்தது. "பரிசுத்த அலங்காரத்துடனே கர்த்தரைத் தொழுதுகொள்ளுங்கள்." நீங்களும் ஏதாவது ஓர் ஆலயத்தில் பார்த்திருப்பீர்கள். வளைவில் எழுதும்போது இடது ஓரத்தில் தொடங்கக் கூடாது. தொடங்கினால் வலது ஓரத்துக்குப் போகும்போது இடம் போதாமல், கடைசி நான்கு எழுத்துகள் பெரியார் பஸ் நிலையத்துக் கூட்டம்போல இடித்துக்கொண்டு நிற்கும். நடு எழுத்தைக் கண்டுபிடித்து அதை உச்சியில் நிறுத்தி, அங்கிருந்து இருபுறமும் இறங்க வேண்டும். குரு சொல்லிக்கொடுத்த பாடம் இது. சாரத்தில் ஏறுவதற்கு முன் ஓர் அட்டையில் எழுத்துகளை எண்ணினேன். 29. நடுவில் நிற்பது 15-ஆவது எழுத்து. அது ‘கர்த்தரை’யின் ‘க’.

நீங்களும் எண்ணிப் பாருங்கள். இதை அற்புதம் என்று நான் சொல்லவில்லை. மொழிபெயர்த்தவர்கள் எங்கள் ஆலயத்து வளைவை அளந்துவிட்டு மொழிபெயர்க்கவில்லை. எழுத்துகளின் அகலமும் ஒன்றுபோல் இருக்காது. ‘தொ’வும் ‘கொ’வும் காலை விரித்து உட்காருகிற ஜாதி. நானும் இங்கே அங்கே ஒரு விரற்கடை தள்ளித்தான் சரிக்கட்டினேன். ஆனாலும் அந்த ‘க’வை உச்சியில் வைத்துச் சுற்றுக்கோடு இழுத்தபோது கை என்னுடையதாக இல்லை. கொஞ்சம் பயமாக இருந்தது. பாத்திரக்கடைக்கும் பலசரக்குக்கடைக்கும் எத்தனையோ ‘க’ போட்டிருக்கிறேன். அப்படி ஒன்று அதற்கு முன்னும் வரவில்லை, பின்னும் வரவில்லை. வரம் என்று நான் அறிந்தது அந்தக் கால் மணி நேரத்தைத்தான்.

ஆனால் நடுவிலிருந்து தொடங்கச் சொல்லிக்கொடுத்தவர் நெற்றி நிறைய விபூதி பூசியவர். மீனாட்சியம்மனைக் கும்பிடாமல் கடை திறக்கமாட்டார். வேதபாட வகுப்பில் ஒருமுறை இதைச் சொன்னேன். விசுவாசிக்கு இருப்பதுதான் வரம், மற்றவர்களுக்கு இருப்பது வெறும் திறமை என்றார் ஒரு பெரியவர். எனக்கு அது வேதத்தில் இருப்பதாகத் தெரியவில்லை. இஸ்ரவேலர் வனாந்தரத்தில் வழிபட்ட ஆசரிப்புக் கூடாரத்தின் வேலைக்காகப் பெசலெயேல் என்ற கைவினைஞனை தேவ ஆவியால் நிரப்பினார் என்று யாத்திராகமம் 31-இல் வாசிக்கிறோம். பிரசங்கம் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுகிறது. 35-ஆம் அதிகாரம் வரை போனால், பிறருக்குக் கற்றுக்கொடுக்கும் மனதையும் அவனுக்கும் அவனோடு வேலை செய்த அகோலியாபுக்கும் அருளினார் என்று இருக்கிறது. ஆவியால் நிரம்பிய வேலைக்கும் யாரோ ஒருவர் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்திருக்கிறது! சாலொமோனின் ஆலயத்துக்கு வெண்கல வேலை செய்த ஈராமின் தகப்பன் தீரு ஊர்க் கன்னான், அதாவது உலோக வேலைக்காரன், இஸ்ரவேலனே அல்ல. ஆதியாகமம் 4-இல் இசைக்காரர்களுக்கெல்லாம் தகப்பன் என்று சொல்லப்படும் யூபாலோ, தம்பியைக் கொன்ற காயீனின் வழியில் வந்தவன். நம் பழைய மொழிபெயர்ப்பு அவனை நாகசுரக்காரர்களுக்கும் தகப்பனாக்கியிருப்பது எனக்கு மிகவும் பிடிக்கும். அரசரடி இறையியல் கல்லூரியில் இருந்த தியோபிலஸ் அப்பாவு நாட்டுப்புற மெட்டில் வழிபாட்டுப் பாடல்கள் கட்டினார். அதெல்லாம் பீடத்துக்கு அருகே வரலாமா என்று முகம் சுளித்ததும் இதே பெரியவர்தான். கீபோர்டு மட்டும் எந்தக் கோத்திரத்திலிருந்து வந்ததாம்? டிசம்பரில் அவர் வீட்டுக் குடிலில் நிற்கும் யோசேப்பும் மரியாளும் விளாச்சேரியில் வாங்கியவை. அங்கே கொலு பொம்மைக்கு மண் பிசையும் கைதான் குழந்தை இயேசுவுக்கும் பிசைகிறது.

சரி, வளைவுக்கு வருகிறேன். ஒன்பது நாள் சாரத்தில் நின்றேன். எனாமலும் தங்க வர்ணமும் என் காசு. பிரதிஷ்டை ஆராதனையில் சால்வை போர்த்தினார்கள். கூலியைப் பற்றி மெதுவாக வாயெடுத்தபோது கமிட்டியில் ஒருவர், "வரம் கர்த்தருடையது தம்பி, அதற்கு விலை பேசலாமா?" என்றார். அன்று மைக் செட்டுக்காரர் வாடகையை எண்ணி வாங்கிக்கொண்டு போனதை என் கண்ணால் பார்த்தேன். அவருடைய ஆம்பிளிஃபயர் மட்டும் பிசாசு தந்ததா? வீட்டுக்கு வந்ததும் என் மனைவி சால்வையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதை அரிசிக்கடையில் எடுத்துக்கொள்வார்களா?" என்று கேட்டாள்.

அன்று எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இப்போது தெரியும், அதனால் உங்களுக்குச் சொல்கிறேன். இரண்டாம் இராஜாக்கள் 12-ஆம் அதிகாரத்தைத் திறந்து வையுங்கள். ஆசாரியனான யோய்தா ஒரு பெட்டியின் மூடியில் துளை போட்டுப் பலிபீடத்துக்குப் பக்கத்தில் வைக்கிறான். நம் காணிக்கைப் பெட்டிக்குப் பாட்டன் அது. அந்தப் பணம் யாருக்குப் போனது? தச்சருக்கும் கொத்தருக்கும் கல்தச்சருக்கும். அவர்களிடம் யாரும் வரத்தைப் பற்றிப் பேசவில்லை.

பணத்தாசை பிடித்தவன் என்று கீழே எழுதப்போகிறவர்களுக்கு: இலவசமாகவும் எழுதியிருக்கிறேன், கல்லறைகளுக்கு எழுதியதைக் கணக்கே வைக்கவில்லை. நானாகக் கொடுப்பது காணிக்கை. கேட்காமல் எடுத்துக்கொள்வதை எப்படிக் காணிக்கை என்பது?

பிறகு ஃபிளெக்ஸ் வந்தது. காதுகுத்துக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் தெருவை அடைத்துப் பேனர் வைக்கும் ஊர் இது. என் தொழில் சில வருடங்களில் படுத்துவிட்டது. அந்தந்த வருடத்துக்கென்று சபை எடுக்கும் வாக்குத்தத்த வசனத்தை ஆண்டுதோறும் நான் எழுதிவந்த பலகையும் ஃபிளெக்ஸுக்குப் போனது. ஒரு வருடம் ஆலய வாசலில் பெரிதாகக் கட்டியிருந்தார்கள்: "கர்த்தர் என் மேய்பர்." ஒரு ‘ப்’ குறைகிறது. சொன்னேன். "யார் கவனிக்கப் போகிறார்கள், அண்ணே?" என்றார் செயலாளர். அடித்துக்கொடுத்த கடைக்கு மட்டும் முழுப் பணம் போயிருந்தது.

மறுநாள் ஆளில்லாத நேரத்தில் ஏணி போட்டு, மிச்சமிருந்த எனாமலில் ‘ய்’க்கும் ‘ப’வுக்கும் இடையே ஒரு சின்ன ‘ப்’ செருகினேன். இடம் போதவில்லை, கொஞ்சம் சாய்ந்துதான் நிற்கிறது. வருடம் முடிந்ததும் அந்த ஃபிளெக்ஸை ஆலயக் காவலாளி வாங்கிக்கொண்டுபோய்த் தன் ஆட்டுக்கொட்டகைக்குக் கூரையாகப் போட்டுவிட்டார். போன வாரம் அந்த வழியாகப் போனேன். வெயிலில் அச்செழுத்தெல்லாம் வெளுத்துப்போயிருக்கிறது. என் ‘ப்’ மட்டும் கறுப்பாக இருக்கிறது. கீழே நான்கு வெள்ளாடுகள் படுத்திருந்தன.