காதுக்கு வராத சொற்கள்

கேள்வி:

மதிப்பிற்குரிய அம்மா, நான் சீனாவில், யுன்னான் மாகாணத்தின் குன்மிங் நகரில் தமிழை முதன்மைப் பாடமாக எடுத்துப் படிக்கிறேன். மூன்றாம் ஆண்டு. வகுப்பில் எனக்கு வைத்த தமிழ்ப் பெயர் மலர்விழி. எங்கள் நாட்டில் நடக்கும் கல்லூரி ஆங்கிலத் தேர்வின் நான்காம் நிலையை இரண்டு முறை எழுதிவிட்டேன். முதலில் 401, பிறகு 409. வேண்டியது 425. சொற்பட்டியல் நூலை மூன்று முறை ஆரம்பித்துப் பாதியில் விட்டேன். முதல் சொல்லான 'அபாண்டன்' (abandon, கைவிடு) மட்டும் மறக்கவில்லை. தமிழ் படிப்பதால்தான் ஆங்கிலம் கெடுகிறது என்கிறார் அப்பா. அது உண்மையா? ஜூனில் மூன்றாவது முறை எழுத வேண்டும். வழி சொல்லுங்கள்.

பதில்:

அன்புள்ள மலர்விழி,

அப்பா சொன்னது உண்மையில்லை. கவலையில் சொல்லியிருக்கிறார், அவர்மேல் வருத்தப்படாதே. தமிழால் உன் ஆங்கிலம் கெடவில்லை. உன்னைக் கரையேற்றப்போவதே தமிழ்தான் என்று நினைக்கிறேன். அதற்கு முன் உன் மதிப்பெண் சீட்டைப் பார்ப்போம்.

கடிதத்தோடு நீ அனுப்பிய சீட்டில் கேட்டல் 249க்கு 112. வாசித்தல் 249க்கு 171. எழுத்தும் மொழிபெயர்ப்பும் சேர்த்து 212க்கு 126. சொல் தெரியாத பெண் வாசிப்பில் 171 வாங்க முடியாது. சொற்கள் உன்னிடம் இருக்கின்றன. கண்ணுக்குத் தெரிந்த அவை இன்னும் காதுக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான். எனவே அந்த நூலை நான்காவது முறை 'அபாண்டன்' என்று ஆரம்பிக்காதே. அலமாரியில் வைத்துவிடு.

செங்டு நகரில் மூன்றாண்டு ஆங்கிலம் கற்பித்தவள் நான். என் மாணவர்களில் பாதிப் பேருக்கு இதே நிலைதான். அவர்களைக் குறை சொல்லவே மாட்டேன். சீனப் பொதுமொழியில் ஓர் அசை உயிரொலியில் முடியும். இல்லையென்றால் 'ன்' அல்லது 'ங்' ஒலியில் முடியும். சிலர் நாவில் 'ர்' வரும். அதற்கு மேல் கிடையாது. அப்படிப் பழகிய காதுக்கு ஆங்கிலச் சொல்லின் கடைசியில் வரும் 'ட்', 'ஸ்' எல்லாம் காற்றோடு போய்விடும். 'பிக்' (pick) என்றாலும் 'பிக்ட்' (picked) என்றாலும் ஒன்றுதான். இறந்த காலமும் பன்மையும் அந்தக் கடைசி ஒலியில்தானே இருக்கின்றன!

இப்போது நினைத்துப் பார். தமிழ் வகுப்பின் முதல் பருவத்தில் வால், வாள், வாழ் மூன்றும் உனக்கு ஒரே சொல்லாகத்தான் கேட்டிருக்கும். இன்று அப்படியா? யாரும் உனக்குப் பட்டியல் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை. ஆசிரியை சொன்னார், நீ திருப்பிச் சொன்னாய், தவறினாய், மறுபடி சொன்னாய். மூன்று சொற்களும் தனித்தனியாகப் பிரிந்து நின்றன. அந்தக் காதை நீயே செய்துகொண்டாய். அதே வேலையை ஆங்கிலத்துக்கும் செய்ய வேண்டும்.

பழைய வினாத்தாள் ஒன்றின் ஒலிப்பதிவை எடுத்துக்கொள். நாளுக்கு ஓர் உரையாடலோ ஒரு செய்தியோ போதும். ஒரு வாக்கியம் ஓடவிட்டு நிறுத்து. கேட்டதைக் கையால் எழுது. கேட்காத இடத்தில் கோடு போட்டு மேலே போ. மூன்று முறைக்கு மேல் ஒரே வாக்கியத்தைக் கேட்காதே. பிறகு அச்சிட்ட வரிகளோடு ஒப்பிட்டு, விட்டுப்போனதைச் சிவப்பு மையால் எழுது. சிவப்பில் வருபவற்றில் பெரும்பாலானவை நீ பத்து வயதில் படித்த சொற்களாக இருக்கும். அதைப் பார்க்கும்போது கோபம் வரும், வரட்டும். பின்னர் அந்தப் பகுதியை ஒலிப்பதிவோடு சேர்ந்து வாய்விட்டுச் சொல். வாய் சொல்லாத ஒலியைக் காது பிடிக்காது. நாளுக்கு நாற்பது நிமிடம் என்று வைத்துக்கொள். ஞாயிற்றுக்கிழமையும் விடாதே.

கேட்டல் பகுதியில் 25 கேள்விகள், 25 நிமிடங்கள். ஒலிப்பதிவு ஒரே ஒரு முறைதான் ஓடும். தாளில் விடைத் தெரிவுகள் மட்டும் அச்சாகியிருக்கும்; கேள்வியையும் காதால்தான் கேட்க வேண்டும். முதல் 15 கேள்விகள் செய்தியும் உரையாடலும். கடைசி 10 கேள்விகள் மூன்று பத்திகளிலிருந்து வருபவை. முன்னவை ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 7 மதிப்பெண், பின்னவை ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 14. 425ஐத் தொட உனக்கு இன்னும் வேண்டியது 16தான்! மதிப்பெண்ணை அப்படியே கூட்டாமல் ஒப்பீட்டு அளவுக்கு மாற்றித்தான் தருகிறார்கள் என்பதால் இது தோராயக் கணக்குதான். ஆனாலும் பத்திக் கேள்விகளில் கூடுதலாக இரண்டு சரியாக வந்தால் நீ கரையில் நிற்கிறாய். பலர் முதல் செய்தியிலேயே பதறி, பத்தி வருவதற்குள் சோர்ந்துவிடுகிறார்கள். செய்தியில் ஒன்று தவறினால் அங்கேயே விட்டுவிடு. பத்திக்குத் தெம்பை வைத்திரு.

இன்னொன்று. என் மாணவன் ஒருவன், நன்றாகப் படிப்பவன், தேர்வு முடிந்து கையில் 2பி பென்சிலோடு வந்து என் அறை வாசலில் நின்றான். பேசவில்லை. கேட்டல் பகுதிக்கு எல்லா விடைகளையும் வினாத்தாளிலேயே குறித்து வைத்திருக்கிறான், ஒலிப்பதிவு முடிந்ததும் விடைத்தாளுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று. முடிந்த உடனே முதல் விடைத்தாளை வாங்கிப் போய்விட்டார்கள். 25 வட்டங்களும் வெள்ளையாகப் போயின. கட்டுரையும் கேட்டலும் இருக்கும் அந்தத் தாளைக் கேட்டல் முடிந்த கையோடு எடுத்துவிடுவார்கள் என்பதை அவனுக்கு அழுத்திச் சொல்லாதது என் தவறு. இன்றும் அது என் மனதை உறுத்துகிறது. கேட்கக் கேட்க வட்டத்தை நிரப்பு. உங்கள் பல்கலைக்கழகத்தில் பண்பலையில் ஒலிபரப்பி வானொலி ஹெட்போனில் கேட்கச் செய்கிறார்கள் என்றால் சோதனை ஒலிபரப்பு நாளில் அதைப் போட்டுப் பார், பேட்டரியைப் புதிதாக மாற்று.

வாசிப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பத்து வெற்றிடங்களை நிரப்பும் முதல் பகுதிக்கு மொத்தமே 5 சதவீதம். அதில் பதினைந்து நிமிடம் மல்லுக்கட்டாதே. கடைசியில் வரும் இரண்டு பத்திகளுக்கு 20 சதவீதம். அவற்றை முதலில் முடி.

மொழிபெயர்ப்புதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பத்தி மொழிபெயர்ப்பு 2013 டிசம்பரில் வந்தது. அந்த முறை கேட்டவை சீனச் சமையல், தேநீர், சீன முடிச்சு. இன்றும் உங்கள் பண்பாடு, வரலாறு, பொருளாதாரம் பற்றித்தான் 140 முதல் 160 எழுத்துகளில் ஒரு பத்தி வரும். இதிலும் உனக்குத் தமிழ் கைகொடுக்கும். 'பாட்டி நேற்றுப் பறித்த தேயிலை' என்று தமிழில் சொல்கிறோம். 'பறித்த' என்ற பெயரெச்சம் தேயிலைக்கு முன்னால் நிற்கிறது. சீனத்திலும் அப்படியே, 'தெ' என்ற துகள் முடிச்சுப் போட, விவரம் முழுவதும் முன்னால் வந்துவிடும். ஆங்கிலத்தில் தேயிலை முதலில், பாட்டியும் நேற்றும் பறித்ததும் அதன் பின்னால். சீன மாணவர் பலர் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள், விவரத்தை முன்னாலேயே குவித்துவிட்டு வினைச்சொல்லைத் தேடுகிறார்கள். நீ சீன வாக்கியத்தை முதலில் தமிழில் சொல்லிப் பார். பெயரெச்சம் எங்கே இருக்கிறது என்று அடிக்கோடு இடு. ஆங்கிலத்தில் அதைப் பெயருக்குப் பின்னால் தள்ளு. காலத்துக்கும் இதே உதவிதான். சீன வினைச்சொல் காலத்துக்கேற்ப உருமாறாது, தமிழ் வினைச்சொல் 'பறித்தாள்', 'பறிக்கிறாள்', 'பறிப்பாள்' என்று காட்டிக்கொடுத்துவிடும். தமிழில் காலம் தெரிந்துவிட்டால் ஆங்கிலத்தில் தவறாது. தேர்வறையில் இதற்கு நேரம் இருக்காது. இப்போது இரண்டு மாதம் பழகினால் அங்கே தானாக வரும்.

கட்டுரைக்கு அச்சு வார்ப்பு வாக்கியங்களை விற்கிறார்கள், வாங்காதே. 'சமுதாயத்தின் வேகமான வளர்ச்சியால்' என்று ஆயிரம் பேர் ஆரம்பிக்கும் கட்டுரையைத் திருத்துபவருக்கு அலுத்துவிடும். சின்ன வாக்கியமாக, உனக்கு உறுதியாகத் தெரிந்த சொல்லில் எழுது.

இனி அந்த 425. 2005ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்துக்குப் பிறகு தேர்ச்சிச் சான்றிதழ் கிடையாது, மதிப்பெண் அறிக்கை மட்டும்தான். ஆறாம் நிலையை எழுத 425 தேவை என்பதால் ஊரே அதைத் தேர்ச்சி என்கிறது. வேலை கொடுப்பவர்களும் கேட்கிறார்கள், எனவே அது முக்கியமில்லை என்று சொல்லி உன்னை ஏமாற்ற மாட்டேன். ஆனால் பட்டத்துக்கும் இதற்கும் உங்கள் பல்கலைக்கழகத்தில் தொடர்பு உண்டா என்று அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள். சியான் ஜியாவ்தோங் பல்கலைக்கழகம் 2023இல் அந்தத் தொடர்பை நீக்கிவிட்டது. ஜூனில் தவறினாலும் டிசம்பர் இருக்கிறது. முதல் ஆண்டிலேயே முடித்த தோழிகளோடு உன்னை ஒப்பிடாதே. அவர்களில் யாரும் ழகரம் சொல்லக் கற்றவர்கள் இல்லை.

உங்கள் யுன்னானில்தான் பூஅர் தேயிலை விளைகிறது. அதைப் பற்றிச் சீனத்தில் ஒரு பத்தி எழுதி, தமிழிலும் ஆங்கிலத்திலும் பெயர்த்து, மூன்றையும் எனக்கு அனுப்பு. தமிழையும் ஆங்கிலத்தையும் சிவப்பு மையால் திருத்தி அனுப்புகிறேன்.