முதலில் டயர், அப்புறம் ஸ்பிரிங்

கேள்வி: அண்ணா, என்னிடம் ஒரு ஃபோக்ஸ்வேகன் சிட்டி கோல்ஃப் 1.4 கார் இருக்கிறது. வேலைக்குப் போவதும் அதில்தான், போர்ட் ஷெப்ஸ்டோன் பக்கம் டெஸ்ஸி ரேஸ்வேயில் டிராக் டே (சொந்த வண்டியைப் பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்க்கும் நாள்) வந்தால் ஓட்டுவதும் அதில்தான். வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி நேராகவே போகப் பார்க்கிறது. கையில் இருக்கும் காசுக்குக் காயிலோவர் (உயரத்தை மாற்றக்கூடிய ஸ்பிரிங்-ஷாக் செட்) வாங்கலாம், அல்லது செமி-ஸ்லிக் டயர் (பள்ளம் குறைந்த பந்தய வகை டயர்) வாங்கலாம், இரண்டும் முடியாது. தெரிந்த மெக்கானிக் ஒருவர், ஸ்பிரிங்கை இரண்டு சுற்று வெட்டினால் போதும், செலவே இல்லை என்கிறார். எதைச் செய்வது?
– வாசகர், சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: தம்பி, ஸ்பிரிங்கை மட்டும் வெட்டாதீர்கள். மற்றதை அப்புறம் பேசுவோம்.

கோல்ஃப் வளைவில் வேகமாகப் போகும்போது உள்பக்கப் பின்சக்கரம் தரையை விட்டுத் தூக்குவதை நீங்களே படத்தில் பார்த்திருப்பீர்கள். அந்த நேரத்தில் ஸ்பிரிங் முழு நீளத்துக்கு விரிய வேண்டும். வெட்டிக் குட்டையாக்கிய ஸ்பிரிங் அவ்வளவு விரியாது, தான் உட்காரும் தட்டை விட்டு நழுவித் தொளதொளவென்று நிற்கும், சக்கரம் திரும்பத் தரையில் இறங்கும்போது அது ஒழுங்காக உட்காருமா என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. வெட்டிய ஸ்பிரிங் முன்பைவிடக் கடினமாகவும் ஆகிவிடும், பழைய ஷாக் அப்சார்பரால் அதை அடக்க முடியாது. என் முதல் வண்டி ஒரு டொயோட்டா டாஸ். இதே யோசனையைக் கேட்டு அதன் ஸ்பிரிங்கை வெட்டினேன். மேடுபள்ளமான ஒரு வளைவில் வண்டி பந்துபோலக் குதித்துப் புல்லுக்குள் போனது. பக்கத்தில் என் மைத்துனர் உட்கார்ந்திருந்தார். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இன்னொன்று, முன்பக்கத்தை அளவுக்கு மேல் இறக்கினால் வண்டி சாய்வது குறையும் என்று பலரும் நினைக்கிறார்கள். உங்கள் கோல்ஃப் போன்ற மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் வண்டிகளில் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த ஒரே தூண் சக்கரத்தைத் தாங்குபவை) சக்கரத்தை அடியில் பிடிக்கும் கீழ்க்கை சக்கரத்தின் பக்கம் மேல்நோக்கிச் சரிந்துவிட்டால் ரோல் சென்டர், அதாவது வண்டி எதைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, வண்டியின் எடைமையத்தைவிட வேகமாகக் கீழே போய்விடும், வண்டி முன்பைவிட அதிகமாகச் சாயும். பார்க்க அழகாக இருக்கும், ஓட்ட நன்றாக இருக்காது.

சரி, டயர். உங்கள் காசு இங்கேதான் போக வேண்டும், ஆனால் செமி-ஸ்லிக்குக்கு அல்ல. நீங்கள் அதே டயரில் என்2 சாலையில் வீடு திரும்ப வேண்டியவர். நம் கடற்கரையில் கோடை மழை எப்படிக் கொட்டும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீரை வெளியேற்றும் பள்ளம் குறைந்த டயர் அந்த மழையில் தண்ணீர்மேல் மிதக்கும். ட்ரெட்வேர் (தேய்மான எண்) 200 என்று பக்கச்சுவரில் அச்சிட்ட சாலை டயர் ஒரு செட் வாங்குங்கள், 14 அங்குல ரிம்மில் 185 அகலம் போதும். அகலமான டயர் என்றால் பிடிப்பும் அதிகம் என்று விற்பார்கள், ஆனால் இவ்வளவு லேசான வண்டியில் அதைச் சூடாக்கவே பாதி நேரம் போய்விடும்.

டயர் வந்ததும் வண்டி நேராகப் போகும் தொல்லையைக் கவனியுங்கள். பாதி தீர்வு உங்கள் கையிலேயே இருக்கிறது. முன் ஸ்ட்ரட்டை ஹப்போடு பிணைக்கும் இரண்டு போல்ட்டில் மேலே உள்ளது கேம்பரை, அதாவது சக்கரத்தின் சாய்வைத் திருத்தத்தான் இருக்கிறது, அலைன்மென்ட் கடையில் அது எவ்வளவு நெகட்டிவ் (சக்கரத்தின் மேல்பக்கம் உள்நோக்கிச் சாய்வது) தருமோ அவ்வளவையும் இரண்டு பக்கமும் சமமாக வைக்கச் சொல்லுங்கள். பிறகு காற்று. குளிர்ந்த டயரில் 1.9 பார் வைத்துத் தொடங்குங்கள். டயரின் தோளில் (தரையில் ஓடும் பரப்பும் பக்கச்சுவரும் சேரும் விளிம்பில்) சாக்பீஸால் கோடு போட்டு நாலு சுற்று ஓட்டிவிட்டு வாருங்கள். வந்த உடனே, ஹெல்மெட்டைக் கழற்றும் முன்பே, சூடான காற்றழுத்தத்தை அளந்து நோட்டில் எழுதுங்கள். கோடு பக்கச்சுவர் வரை அழிந்திருந்தால் டயர் மடிகிறது, கொஞ்சம் காற்று ஏற்றுங்கள். தோளுக்கு வராமலே நின்றிருந்தால் கொஞ்சம் குறையுங்கள். சூட்டில் 2.2 அல்லது 2.3 பக்கம் வந்து நிற்பது என் அனுபவத்தில் இந்த எடைக்கு நல்ல இடம். மாலையில் டயர் ஆறியதும் அழுத்தம் இறங்கிவிடும், என்2-வில் ஏறும் முன் காற்று நிரப்ப மறக்காதீர்கள்.

அடுத்த வருடம் காசு சேர்ந்தால் நல்ல ஷாக் அப்சார்பரும் அதற்குப் பொருந்தும் ஸ்பிரிங்கும், பின்னால் ஒரு கனமான ஆன்டி-ரோல் பாரும் (வண்டி சாய்வதைத் தடுக்கும் கம்பி) வாங்குங்கள். பின்பக்கம் இறுகினால் முன்பக்கம் திரும்பும். அதற்கெல்லாம் முன்னால் பிரேக் ஆயிலை மாற்றுங்கள், நீங்கள் கேட்கவில்லை என்றாலும்.

கேள்வி: பந்தய அணி ஒன்று பயன்படுத்திய ஸ்லிக் டயர்களை (பள்ளமே இல்லாத பந்தய டயர்களை) மலிவாகத் தருகிறது. ரப்பர் இன்னும் நிறைய இருக்கிறது. ஸ்வார்ட்கொப்ஸ் பந்தயத் தடத்தில் ஓட்ட வாங்கலாமா?
– வாசகர், லெனேசியா

பதில்: ரப்பர் எவ்வளவு இருக்கிறது என்பதைவிட எத்தனை முறை சூடாகி ஆறியது என்பதுதான் கேள்வி. ஒவ்வொரு முறையும் அது கொஞ்சம் கொஞ்சமாக இறுகும். நகத்தை அழுத்திப் பாருங்கள், தடம் விழவில்லை என்றால் விட்டுவிடுங்கள். தேதி எண் இருந்தால் பாருங்கள், 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். நல்லதாக இருந்தாலும் அதைச் சாலையில் ஓட்டக் கூடாது, பக்கியில் (பிக்கப் வண்டியில்) ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.

கேள்வி: வீட்டில் 1.8 பார் வைத்துவிட்டு ஜோஹன்னஸ்பர்க் பக்கம் உள்ள கியாலமி பந்தயத் தடத்துக்குப் போனேன். காலையில் அளந்தால் கிட்டத்தட்ட 2 காட்டியது. என் கேஜ் கெட்டுவிட்டதா?
– வாசகர், டொங்காட்

பதில்: கேஜ் நன்றாகத்தான் இருக்கிறது. அது டயருக்குள் உள்ள அழுத்தத்துக்கும் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் காட்டும். கடலோரத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் ஏறியிருக்கிறீர்கள், அங்கே வெளிக்காற்று மெலிது, அதிலேயே 0.16 பார் அளவுக்குக் கூடிவிடும். குளிர்காலக் காலையில் போனால் குளிர் அதில் ஒரு பகுதியைத் திரும்ப எடுத்துக்கொள்ளும், 10 டிகிரி குறைந்தால் சுமார் 0.1 பார். அதனால் வீட்டில் கொஞ்சம் கூடுதலாகவே வைத்துக்கொண்டு போங்கள், அங்கே போய்க் காற்றைக் குறைப்பது சுலபம், வண்டியை நிழலில் நிறுத்தி டயர் முழுக்க ஆறியபின், முதல் சுற்றுக்கு முன்னால் அங்கேயே திருத்திக்கொள்ளுங்கள்.