ராணுவத்திலிருந்து வெளியே வரும்போது பரிசோதிக்கிற ரிலீஸ் மெடிக்கல் போர்டு 30 சதவீத ஊனம் என்று எழுதியும் டிசெபிலிட்டி பென்ஷனை (ஊன ஓய்வூதியத்தை) நிராகரித்துவிட்டார்கள். அப்பீல் போட்டால் கிடைக்குமா?

போடுங்கள். ஆனால் அப்பீலிலேயே கிடைத்துவிடும் என்று நம்பி உட்காராதீர்கள். நம் ஆட்களில் நிறையப் பேருக்குக் கிடைப்பது அதற்கும் அடுத்த இடத்தில்தான்.

ரத்தக்கொதிப்பு பீஸ் ஸ்டேஷனில், அதாவது எல்லையில் இல்லாத அமைதிப் பகுதியில், ஆரம்பித்தது, ஆகவே ராணுவப் பணிக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று பதில் வந்ததாகக் கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு வந்த கடிதமும் வரிக்கு வரி அதேதான். நீங்களும் என்னைப் போல 17, 18 வருஷம் முடித்து நாயக்காகவோ ஹவில்தாராகவோ வெளியே வந்து, இப்போது ஏதாவது வங்கி வாசலில் நின்றுகொண்டிருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஆபீசராக இருந்தால் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், உங்களுக்குச் சொல்லித்தர ஆள் இருப்பார்கள்.

நான் ஏஎஸ்சியில், அதாவது ராணுவத்துக்குச் சரக்கு கொண்டுபோகும் பிரிவில், டிரைவர். சோஜிலா வழியாகக் கார்கிலுக்கும் லேவுக்கும் கான்வாய் ஓட்டியவன். அந்தக் கணவாய் 3,500 மீட்டருக்கு மேலே இருக்கிறது. குளிர்காலம் முடிந்து பாதை திறந்த புதிதில் இரண்டு பக்கமும் வண்டி உயரத்துக்குப் பனிச்சுவர் நிற்கும், நடுவில் சேறு. சுவர் முடிகிற இடத்தில் ஒரு பக்கம் ஒன்றுமே இருக்காது, பள்ளம்தான். முன்னால் போகிற ஸ்டாலியன் லாரி பின்னுக்குச் சறுக்கினால் நாம் எந்தப் பக்கம் ஒடிப்பது என்பதையே யோசித்துக்கொண்டு ஓட்ட வேண்டும். டிரான்சிட் கேம்ப் வந்து படுத்தாலும் கால் பிரேக்கை மிதித்துக்கொண்டே இருக்கும். அப்போதெல்லாம் பிபி யார் பார்த்தார்கள்? தலைவலி என்று எம்ஐ ரூமுக்கு (யூனிட் மருத்துவ அறைக்கு) போனால் மாத்திரை கொடுத்து அனுப்புவார்கள், வந்து வண்டியை எடுப்போம்.

அப்புறம் செகந்திராபாத் பக்கம் பீஸ் போஸ்டிங். வருஷாந்திர மெடிக்கலில் 160/100. மறுபடி எடுத்தார்கள், அதே கணக்கு. முழுத் தகுதி என்கிற ஷேப் ஒன் போய் லோ மெடிக்கல் கேட்டகரி ஆனேன். 2012-ல் வெளியே வரும்போது போர்டு 30 சதவீதம், ஆயுள் முழுக்க என்று எழுதியது. கிளெய்ம் மட்டும் நிராகரிப்பு.

இங்கேதான் நீங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பென்ஷன் விதி இரண்டு கேட்கிறது. ஊனம் 20 சதவீதமோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். அது பணியால் வந்ததாகவோ, பணியால் அதிகமானதாகவோ இருக்க வேண்டும். முதலாவது உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஆகவே 30-ஐ 40 ஆக்கச் சொல்லி டாக்டர் டாக்டராக அலையாதீர்கள். சண்டை இரண்டாவதில் மட்டும்தான். அந்தச் சண்டைக்கு வேண்டிய ஆயுதம் போர்டு எழுதிய காகிதத்திலேயே இருக்கிறது.

அந்தக் காகிதம் உங்கள் கையில் இருக்கிறதா? பெரும்பாலும் இருக்காது. தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர் வைத்து உங்கள் பணி ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுதுங்கள். ரிலீஸ் மெடிக்கல் போர்டு நடவடிக்கைகள் முழுவதும், பட்டாளத்தில் சேர்ந்தபோது எடுத்த மெடிக்கல், போஸ்டிங் விவரம், நிராகரிப்புக் கடிதம், எல்லாவற்றுக்கும் சான்றிட்ட நகல் கேளுங்கள்.

என் நகல் வந்ததும் ராத்திரி உட்கார்ந்து படித்தேன். ‘சேர்வதற்கு முன்பே இந்த நோய் இருந்ததா?’ என்று ஒரு கேள்வி. பேனாவால் ‘இல்லை’. பணியால் வந்ததா? ‘இல்லை’. பணியால் அதிகமானதா? ‘இல்லை’. காரணம் எழுதும் இடத்தில் ஒரே வரி: அமைதிப் பகுதியில் தொடங்கியது, களப் பணியோடு நெருங்கிய காலத் தொடர்பு இல்லை. வரும்போது இல்லாத நோய், பட்டாளத்தில் வரவில்லை என்றால் எங்கேயிருந்துதான் வந்தது? லீவில் ஊருக்கு வந்தபோது மாரியம்மன் திருவிழாவில் பிடித்துக்கொண்டதா?

இதே கேள்வியைத்தான் உச்ச நீதிமன்றம் 2013-ல் தரம்வீர் சிங் வழக்கில் கேட்டது. அவர் ராணுவத்தின் தகவல் தொடர்புப் பிரிவான சிக்னல்ஸ் ஆள், வலிப்பு நோய் என்று 1994-ல் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர். சேரும்போது எடுத்த மெடிக்கலில் நோய் பற்றிய குறிப்பு எதுவும் இல்லையென்றால், அவர் நல்ல ஆரோக்கியத்தோடு சேர்ந்தார் என்றே கொள்ள வேண்டும்; பிற்பாடு வந்தது பணியால் வரவில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு சர்க்காருடையது; சந்தேகம் இருந்தால் அதன் பலன் சிப்பாய்க்கு. தீர்ப்பின் சாரம் இதுதான். உங்கள் மனுவில் எது விட்டுப்போனாலும் இந்த வழக்கின் பெயர் விட்டுப்போகக் கூடாது.

நடைமுறை என்னவென்றால், நிராகரிப்புக் கடிதம் வந்த ஆறு மாதத்துக்குள் முதல் அப்பீல், ரெக்கார்ட் ஆபீஸ் வழியாக. அதுவும் போனால் இன்னொரு ஆறு மாதத்துக்குள் இரண்டாவது அப்பீல். என் முதல் அப்பீலில் சோஜிலாவையும் போட்டு, கான்வாய் ஓட்டிய வருஷங்களையும் போட்டு, பக்கம் பக்கமாக எழுதினேன். வந்த பதிலில் போர்டு எழுதிய அதே ஒற்றை வரி டைப் அடித்து இருந்தது. படித்தார்களா என்றே தெரியவில்லை. ஆனாலும் அப்பீல் போட்டுத்தான் ஆக வேண்டும். உள்ளே இருக்கிற வழிகளை எல்லாம் பார்த்துவிட்டு வந்தாயா என்று தீர்ப்பாயம் கேட்கும். ஆறு மாதமாகியும் பதிலே இல்லையென்றால் காத்திருக்க வேண்டியதில்லை, நேரே போகலாம்.

தீர்ப்பாயம் என்றால் 2007 சட்டத்தில் வந்த ஆயுதப்படைத் தீர்ப்பாயம். நமக்குச் சென்னையிலேயே கிளை இருக்கிறது, டில்லிக்கு ரயில் ஏற வேண்டாம். வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடச் சட்டத்தில் இடம் உண்டு. நான் வக்கீல் வைத்தேன். ஃபீஸை முதலிலேயே தொகையாகப் பேசிவிடுங்கள். அரியரில் இத்தனை சதவீதம் என்று பேசுகிறவர் எவ்வளவு இனிக்கப் பேசினாலும் கும்பிட்டுவிட்டு வெளியே வாருங்கள்.

பெஞ்சில் இரண்டு பேர் உட்கார்வார்கள், ஒருவர் நீதித்துறை, மற்றவர் ரிட்டயர்டு ஜெனரல் மாதிரி அந்தஸ்து உள்ளவர். என் கேசில் அந்தப் பட்டாளத்துக்காரர்தான் சர்க்கார் வக்கீலிடம், “சேரும்போது இவர் பிபி என்ன, படியுங்கள்” என்றார். வக்கீல் கட்டைப் புரட்டினார், புரட்டினார். கடைசியில் படித்தார். நார்மல். “கடைசியாக எந்த ஃபீல்டிலிருந்து வந்தார், அதையும் படியுங்கள்.” அதற்குப் பிறகு எங்கள் வக்கீல் அதிகம் பேசவே தேவை வரவில்லை.

பணக் கணக்கும் சொல்லிவிடுகிறேன், இதை யாரும் தெளிவாகச் சொல்வதில்லை. 100 சதவீத ஊனம் என்றால் டிசெபிலிட்டி எலிமென்ட், கணக்கில் எடுக்கும் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். அது 40,000 என்று வையுங்கள், 100-க்கு 12,000. உங்கள் 30-க்கு 3,600. ஆனால் 50-க்குக் கீழே இருப்பதை 50 ஆக்கிக் கணக்கிடும் விதி இருக்கிறது, அப்போது 6,000, அதன்மேல் டிஆர் (அகவிலை நிவாரணம்) தனி. இந்த ரவுண்டிங் உடல்நிலை காரணமாகப் பாதியில் அனுப்பப்பட்டவர்களுக்கு மட்டும்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில், சர்வீஸ் முடித்து வந்தவர்களுக்கும் உண்டு என்று தீர்ப்பானது. மனுவில் நீங்களே கேட்டு எழுதுங்கள்.

தாமதத்துக்கும் ஒரு விலை உண்டு. எங்கள் ஊர்ப் பக்கம் ஒருவர் தொண்ணூறுகளில் வெளியே வந்தவர், வழக்குப் போட்டது இருபது வருஷம் கழித்து. பென்ஷன் மாதாமாதம் மறுக்கப்படுகிற விஷயம் என்பதால் வழக்கை எடுத்துக்கொண்டார்கள், ஜெயித்தார். ஆனால் அரியர் வழக்குப் போட்ட தேதிக்கு முந்தைய மூன்று வருஷத்துக்குத்தான். 2008-ல் வந்த தர்சேம் சிங் தீர்ப்பு அப்படி.

நீங்கள் 2023 செப்டம்பர் 21-க்குப் பிறகு வெளியே வந்தவர் என்றால், நான் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அன்றிலிருந்து புது விதிகள். சர்வீஸ் முடித்து வருகிறவர்களுக்கு ‘இம்பேர்மென்ட் ரிலீஃப்’ என்று பெயரே மாறிவிட்டது. உங்கள் தேதியை வக்கீலிடம் முதலில் சொல்லுங்கள்.

இதைப் படித்துவிட்டு, “டிரைவர் வேலை பார்த்தால் பிபி வரத்தான் செய்யும், அரசு பஸ் டிரைவருக்கு யார் பென்ஷன் கொடுக்கிறார்கள்?” என்று ஒருவர் வருவார். அவருக்கும் கொடுக்கட்டும் என்பதுதான் என் கட்சி. “போரில் கால் போனவனுக்குப் போக வேண்டிய காசு” என்று இன்னொருவர் வருவார். அவருக்கான விதியும் விகிதமும் தனி, நான் வாங்குவதால் அவருடையது ஒரு ரூபாய் குறையாது. பொய்யாக எழுதி வாங்குகிறவர்கள் இல்லையா என்றால், இருப்பார்கள். ஆனால் அரசுக் கணக்கைத் தணிக்கை செய்கிற சிஏஜியின் அறிக்கையை எடுத்துப் பாருங்கள், ஓய்வு பெறுகிறவர்களில் இந்தப் பென்ஷனோடு போகிற விகிதம் ஜவான்களைவிட ஆபீசர்களிடம்தான் அதிகம். கேட்பதென்றால் முதலில் அங்கே கேளுங்கள். ‘ஊனம்னு சொல்றே, செக்யூரிட்டி வேலைக்கு மட்டும் எப்படிப் போறே?’ என்பது என் சொந்தக்காரர்கள் கேள்வி. பிபி மாத்திரை போட்டுக்கொண்டு வாசலில் நிற்கலாம், அதற்குத் தடை ஒன்றும் இல்லை.

சொந்தக்காரர்கள் என்றதும் ஞாபகம் வருகிறது. இத்தனை வருஷம் நான் கேஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு அலைந்தபோது, கேஸ் என்ன ஆயிற்று என்று கேட்டவர்களை ஒரு கையில் எண்ணிவிடலாம். ஆனால் மாதம் பிறந்தால் போதும், “மாமா, இந்த மாச கேன்டீன் கோட்டா வாங்கியாச்சா?” கல்யாண வீட்டில், காதுகுத்தில், ஏன், எங்கள் அப்பா காரியத்தன்றுகூட ஒருவர் ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்டார். 17 வருஷ சர்வீஸ் ஊர்க்காரர்களுக்கு ரம் பாட்டிலாகத்தான் தெரிகிறது. பிபிக்காரன் வீட்டில் ரம் எதற்கு என்று ஒருவருக்காவது தோன்ற வேண்டாமா? சரி, விடுங்கள்.

ஆர்டர் கைக்கு வந்ததும் பணம் வந்துவிடாது. எனக்கு ரெக்கார்ட் ஆபீசிலிருந்து ‘மேல்முறையீடு செய்வது பரிசீலனையில் உள்ளது’ என்று கடிதம் வந்துகொண்டே இருந்தது. ஆர்டரை நிறைவேற்றச் சொல்லி அதே தீர்ப்பாயத்தில் தனி மனு போட்ட பிறகுதான் பேங்கில் பணம் விழுந்தது. உங்கள் வக்கீல் “கேஸ் முடிந்தது” என்று கைகுலுக்கினால், அந்த மனுவுக்கும் சேர்த்துத்தானே ஃபீஸ் என்று அப்போதே கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று, அனுப்புவது எல்லாமே ஸ்பீட் போஸ்டில் போகட்டும். அந்த ரசீதில் எழுத்து கொஞ்ச நாளில் மங்கிப் போய் வெறும் வெள்ளைக் காகிதம்தான் மிஞ்சும். வாங்கிய அன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்து மனு நகலோடு பின் பண்ணி வையுங்கள். ஆறு மாதத்துக்குள் அனுப்பினேன் என்று காட்ட அது ஒன்றுதான் கையில் இருக்கும்.