ஆண்டு வருமானம் 12 லட்சம் வரை வரி இல்லை என்கிறார்களே, பங்கு விற்ற லாபத்துக்கும் அது பொருந்துமா?

பொருந்தாது. 2025-26 நிதியாண்டில் புதிய வரி முறையின் 87ஏ பிரிவுத் தள்ளுபடி (அதிகபட்சம் ரூ.60,000) ஸ்லாப்படி, அதாவது வருமானப் படிநிலைப்படி, வரும் வரிக்கு மட்டும்தான். தனி விகிதத்தில் வரி போடப்படும் ஆதாயத்தை அது தொடாது.

நிலையான கழிவு போகப் பென்ஷனும் வட்டியும் 8 லட்சம், பங்கில் குறுகிய கால லாபம் (வாங்கி 12 மாதத்துக்குள் விற்றது) 1 லட்சம் என்று வையுங்கள். 8 லட்சத்துக்கான 20,000 வரி முழுதும் தள்ளுபடி. லாபத்துக்கு 20%, அதாவது 20,000, 4% செஸ்ஸோடு (கூடுதல் வரி) 20,800 கட்டியே ஆக வேண்டும். 'மொத்தமே 9 லட்சம்தானே' என்ற வாதம் எடுபடாது.

தள்ளுபடியையும் அடிப்படை விலக்கு வரம்பையும் (வரியே போடாத முதல் 4 லட்சம்) பலர் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்கிறார்கள். மற்ற வருமானம் 4 லட்சத்துக்குக் குறைந்தால், மிச்சமுள்ள வரம்பை ஆதாயத்தில் கழிக்கலாம். வட்டி 3 லட்சம், குறுகிய கால லாபம் 2 லட்சம் என்றால் 1 லட்சத்துக்குத்தான் 20%. என்.ஆர்.ஐ.களுக்கு இந்தக் கழிவும் இல்லை, தள்ளுபடியும் இல்லை.

பழைய முறையை அவசரப்பட்டு ஒதுக்காதீர்கள். அங்கே மொத்த வருமானம் 5 லட்சத்தைத் தாண்டாவிட்டால், குறுகிய கால பங்கு லாபத்தின் வரிக்கும் 12,500 வரை தள்ளுபடி உண்டு. 60 வயதுக்கு உட்பட்டவர் ஒருவருக்கு வட்டி 4 லட்சம், 80சி பிரிவில் கழிவு தரும் முதலீடு 1.5 லட்சம், லாபம் 60,000 என்றால் பழைய முறையில் வரி பூஜ்யம், புதியதில் 12,480. ஆனால் ரிட்டர்னைக் கெடு தேதிக்குள் போட வேண்டும், தாமதித்தால் புதிய முறைதான். 80சி கழிவு வட்டியில்தான் கழியும், லாபத்தில் கழியாது என்பதையும் கவனியுங்கள்.

பட்டியலிட்ட பங்கு, ஈக்விட்டி ஃபண்டின் நீண்ட கால ஆதாயத்துக்கு (112ஏ, 1.25 லட்சத்துக்கு மேல் 12.5%) எந்த முறையிலும் தள்ளுபடி கிடையாது. அதே சமயம் வரியில்லாத அந்த 1.25 லட்சமும் 5 லட்ச வரம்புக் கணக்கில் சேரும். பழைய முறைக்காரர்கள் சறுக்குவது இங்கேதான்.

2023 ஏப்ரல் 1 முதல் வாங்கிய கடன் ஃபண்டுகள், 24 மாதத்துக்குள் விற்ற மனை இவற்றின் லாபம் ஸ்லாப்பில் சேர்வதால் அதற்குத் தள்ளுபடி கிடைக்கும்.

வரியே வராது என்று நம்பி அட்வான்ஸ் டாக்ஸை (ஆண்டுக்குள்ளேயே தவணையாகக் கட்டும் வரி) விட்டுவிடாதீர்கள். டி.டி.எஸ். (முன்பே பிடித்த வரி) போக வரி 10,000 அல்லது அதற்கு மேல் வந்தால் கட்ட வேண்டும் (இந்தியாவில் வசித்து, 60 வயதைத் தொட்டு, தொழில் வருமானம் இல்லாதவருக்கு விலக்கு). மார்ச் 15-க்குப் பிறகு விற்றிருந்தால், அந்த லாபத்துக்கான வரியை 31-க்குள் கட்டினால் தவணை தவறியதற்கான 234சி வட்டி வராது. குறுகிய கால லாபம் இருந்தால் ஐ.டி.ஆர்.-1 ரிட்டர்ன் படிவம் செல்லாது, ஐ.டி.ஆர்.-2 போடுங்கள், தொழில் வருமானமும் இருந்தால் ஐ.டி.ஆர்.-3.