தேதி இல்லாத சாட்சி

கேள்வி: எனக்கு 61 வயது. ஊர் பாளையங்கோட்டை. பிறந்ததிலிருந்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைதான். கைக்குழந்தையாக இருக்கும்போது ஞானஸ்நானம், 15 வயதில் விசுவாசத்தை உறுதிசெய்யும் திடப்படுத்தல், 28 வருஷம் ஓய்வுநாள் பாடசாலையில் பாடம் எடுத்திருக்கிறேன். என் மருமகள் பெந்தெகொஸ்தே சபையில் வளர்ந்தவள். நல்ல பிள்ளை. போன மாதம் வீட்டில் ஜெபக்கூட்டம் நடந்தது. வந்தவர்கள் ஒவ்வொருவரும் தாங்கள் கர்த்தரை ஏற்றுக்கொண்டு இரட்சிக்கப்பட்ட தேதியைச் சொல்லி சாட்சி சொன்னார்கள். என் முறை வந்தபோது எனக்குச் சொல்லத் தேதி இல்லை. “அத்தை, இன்னைக்கே கர்த்தர்கிட்ட ஒப்புக்கொடுத்துருங்க” என்றாள் மருமகள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. இத்தனை வருஷம் கோயிலுக்குச் சும்மாதான் போய் வந்தேனா? என் கணவர் இறந்து 4 வருஷம் ஆகிறது. அவரும் ஒருநாளும் சாட்சி சொன்னதில்லை.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். முதல் தடவை அது உங்களைப் பற்றிய கேள்வியாகத்தான் தெரிந்தது. மூன்றாவது தடவைதான் கடைசி வரியில் நின்றுவிட்டேன். அந்த வரிக்கு நீங்கள் கேள்விக்குறிகூடப் போடவில்லை. உங்களைப் பற்றிய கவலை மட்டும் என்றால், அன்றைக்கே கண்ணை மூடி, அவர்கள் சொல்லிக்கொடுத்த ஜெபத்தைச் சொல்லி, நீங்களும் ஒரு தேதியைப் பெற்றிருப்பீர்கள். அப்படிச் செய்தால் உங்கள் கணவர் மட்டும் தேதி இல்லாமல் அந்தப் பக்கம் நின்றுவிடுவாரே என்றுதான் உங்களால் வாயைத் திறக்க முடியவில்லை. நான் நினைப்பது சரிதானே? அவரைப் பற்றிப் பிறகு பேசுவோம். முதலில் உங்களைப் பற்றி.

நான் ஒரு உபதேசியாரின், அதாவது கிராமச் சபையைக் கவனிக்கும் ஊழியரின் மகள். சாத்தான்குளம் பக்கம், தேரிக்காட்டை ஒட்டிய ஒரு சின்னக் கிராமத்தில் வளர்ந்தேன். அசனம் என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். வருஷத்துக்கு ஒருமுறை சபையார் எல்லாரும் சேர்ந்து ஆலய வளாகத்தில் சமைத்துச் சாப்பிடும் விருந்து அது. வீட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டு அரிசி, தேங்காய், பணம் எல்லாம் சேர்ப்பார்கள். வடித்த சோற்றை ஓலைப்பாயில் மலைபோலக் குவித்து வெள்ளை வேட்டியால் மூடி வைப்பார்கள். ஜெபம் முடிந்ததும் பந்தி. வீட்டுக்கு வாங்கிப் போக ஆளாளுக்குப் பாத்திரமும் கொண்டுவருவார்கள்.

எனக்கு ஒன்பது, பத்து வயது இருக்கும். அந்த வருஷம் வரி கொடுக்க முடியாத ஒரு ஆச்சி, முந்தானைக்குள் ஒரு தூக்குவாளியை மறைத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் ஒதுங்கி நின்றாள். அப்பா பார்த்துக் கூப்பிட்டார். “நான் விறகு பொறுக்கிப் போடுதேன் ஐயா, அப்புறமா வாங்கிக்கிடுதேன்” என்றாள். அப்பா, “விறகு கிடக்கட்டும் ஆச்சி, வாளியத் தாங்க. அசனத்துக்குக் கூலி கிடையாது” என்று சொல்லி அவரே வாளியை வாங்கிச் சோற்றைப் போட்டுக் குழம்பையும் ஊற்றினார். மூடி போட முடியவில்லை. சோறு அதைத் தள்ளிக்கொண்டு நின்றது. ஆச்சி மூடியை ஒரு கையிலும் வாளியை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு, வழியில் சிந்திவிடாமல் மெல்ல நடந்து போனாள்.

கிருபை என்ற சொல்லைக் கேட்டால் இன்றைக்கும் எனக்கு அந்த மூடிதான் கண்முன் வரும்.

எபேசியருக்கு எழுதிய நிருபத்தில் பவுல் சொல்வதை 28 வருஷம் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்யவைத்திருப்பீர்கள்: கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு. அடுத்த வசனம் இன்னும் முக்கியம். ஒருவரும் பெருமைபாராட்டாதபடிக்கு இது கிரியைகளினால், அதாவது நம் செயல்களால், உண்டானதல்ல என்கிறார். சரி, என் கேள்வி இது. “நான் இந்தத் தேதியில், இந்த மணிக்கு முடிவெடுத்தேன்” என்பதை ஒருவர் தன் இரட்சிப்புக்கு ஆதாரமாகத் தூக்கிக் காட்டினால், அந்தத் தேதியும் ஒரு கிரியைதானே? ஆச்சி பொறுக்கிப் போட நினைத்த விறகுக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? தேதி உள்ளவர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் அனுபவித்தது உண்மை. ஆனால் அவர்களை இரட்சித்தது அந்தத் தேதி அல்ல, கிறிஸ்து.

லூக்கா 15-ஆம் அதிகாரத்தை இன்று இரவு ஒருமுறை வாசியுங்கள். அப்பாவை விட்டுப் போய்த் திரும்பி வந்த இளைய மகனுக்குத் தேதி உண்டு. எந்த நாளில் புத்தி தெளிந்து எழுந்து அப்பா வீட்டுக்கு நடந்தோம் என்று அவனைக் கேட்டால் சொல்லிவிடுவான். பன்றித் தொழுவத்தின் நாற்றத்தோடு சேர்த்துச் சொல்லுவான். ஆனால் அதே அதிகாரத்தில் ஒரு வெள்ளிக்காசும் இருக்கிறது. ஒரு பெண் விளக்கைக் கொளுத்தி, வீட்டைப் பெருக்கி, மூலை மூலையாகத் தேடி அதைக் கண்டுபிடிக்கிறாள். காணாமல் போனதும் காசுக்குத் தெரியாது, கிடைத்ததும் தெரியாது. தேதி தெரிந்தவள் அந்தப் பெண் ஒருத்திதான். அவள்தான் அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுச் சந்தோஷப்படுகிறாள். மனிதர் காசைப்போல உயிரில்லாத பொருளா, மனந்திரும்ப வேண்டாமா என்று யாராவது கேட்கலாம். வேண்டும்தான். ஆனால் மனந்திரும்புதல் ஒரே ஒரு ராத்திரியில்தான் நடக்க வேண்டும் என்று எங்கே இருக்கிறது? ஞாயிறுதோறும் முழங்காலில் நின்று பாவ அறிக்கை செய்தீர்களே, அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

பவுலுக்கு, அவர் மனம் மாறிய தமஸ்கு சாலை இருந்தது. வெளிச்சம், சத்தம், மூன்று நாள் குருட்டுத்தனம், எல்லாம் இருந்தன. அவர் மகனைப்போல நேசித்த தீமோத்தேயுவுக்கு அப்படி எதுவும் சொல்லப்படவில்லை. அவன் விசுவாசத்தைப் பற்றி எழுதும்போது பவுல் தேதியைச் சொல்லவில்லை, இரண்டு பெண்களின் பெயரைச் சொல்கிறார்: பாட்டி லோவிசாள், அம்மா ஐனிக்கேயாள். விளக்கு எரிகிற வீட்டில் பிறந்த பிள்ளையிடம் போய், விளக்கு ஏற்றியது எத்தனை மணிக்கு என்று கேட்டால் அது என்ன சொல்லும்?

தேதி வேண்டும் என்று சொல்கிறவர்கள், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியைச் சொல்வார்கள். உண்மைதான். 1738 மே 24 இரவு, ஒன்பது மணிக்குக் கால் மணி நேரம் முன்பு, லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் ஒரு கூட்டத்தில் ரோமர் நிருபத்துக்கு லூத்தர் எழுதிய முன்னுரையை ஒருவர் வாசிக்கக் கேட்டபோது, தன் நெஞ்சில் ஒரு வெதுவெதுப்பை உணர்ந்ததாக எழுதிவைத்தார். அப்போது அவர் குருப்பட்டம் பெற்று ஏறக்குறைய 10 வருஷம் ஆகியிருந்தது. பலரும் இதோடு கதையை நிறுத்திவிடுகிறார்கள். 1739 ஜனவரியில், அதாவது ஏழெட்டு மாதம்கூட ஆகாத நிலையில், தான் இன்னும் கிறிஸ்தவன் அல்ல என்று அதே வெஸ்லி தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். நிமிஷக் கணக்கோடு தேதி வைத்திருந்தவருக்கே அந்தத் தேதி போதவில்லை. மனசு தன்னைத்தானே தோண்டித் தோண்டிப் பார்த்துக்கொண்டிருந்தால் எவருக்கும் போதாது. இதை உங்களைத் தேற்றுவதற்காகச் சொல்லவில்லை. எனக்கு 40 வயதில் இதே தூக்கமின்மை வந்தது. ஒரு வருஷம் முழுக்க என் விசுவாசம் உண்மைதானா என்று என்னையே சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தடவையும் குறைச்சலாகத்தான் தெரிந்தது. பார்க்க வேண்டிய இடம் என் நெஞ்சு அல்ல, சிலுவை என்று புரிந்த பிறகுதான் தூங்கினேன். அது எந்த நாள் என்று கேட்காதீர்கள், ஞாபகம் இல்லை.

அப்படியானால் எப்படியும் வாழலாமா என்ற கேள்வி உங்களுக்கு வராது, அதனால் அதை விட்டுவிடுகிறேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். அந்த ஆச்சி மறுநாள் விடிவதற்குள் வந்து, யாரும் சொல்லாமலே ஆலய முற்றத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

இப்போது உங்கள் மருமகள். அவள் அப்பாவின் குடியால் வீடு சிதைந்ததையும், 16 வயதில் ஒரு கூட்டத்தில் அழுதழுது ஜெபித்ததையும், அன்றைக்குத்தான் தனக்கு ஒரு தகப்பன் கிடைத்தார் என்று அவள் சொன்னதையும், இங்கே அச்சிடாத பகுதியில் எழுதியிருந்தீர்கள். அவள் இளைய மகனின் இடத்திலிருந்து வந்தவள். தனக்குக் கிடைத்தது தன் அத்தைக்கும் கிடைக்க வேண்டும் என்ற ஆசையில்தான் சொன்னாள். வார்த்தை உங்களுக்கு வலித்தது, ஆனால் அதில் அன்பு இருக்கிறது. அவளோடு வாதம் வேண்டாம். ஒரு சாயங்காலம் பக்கத்தில் உட்காரவைத்து அந்த ராத்திரியைப் பற்றி முழுசாகச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். அப்புறம் உங்கள் கதையைச் சொல்லுங்கள். உங்கள் அம்மா அடுப்படியில் எந்தச் சங்கீதத்தைச் சொல்லிக்கொண்டே வேலை செய்வார், பரீட்சையில் தோற்ற அன்று யாரிடம் அழுதீர்கள், முதல் குழந்தை தங்காதபோது எப்படி எழுந்து நடமாடினீர்கள், இதையெல்லாம் சொல்லுங்கள். அதுவும் சாட்சிதான். இல்லாத தேதி ஒன்றை உண்டாக்கி மட்டும் சொல்லிவிடாதீர்கள். அது உங்களை இன்னும் அரிக்கும்.

இனி, அவர்.

உங்கள் ஊரிலேயே பாப்பாத்தியம்மாள் கோயில் இருக்கிறது. 1785-இல் அதைக் கட்டிய குளோரிந்தாவின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். கணவரை இழந்த பிராமணப் பெண். தன்னைக் காப்பாற்றிய ஆங்கிலேய அதிகாரியோடு திருமணமில்லாமல் வாழ்ந்ததால், ஞானஸ்நானம் கேட்டபோது ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் மறுத்துவிட்டார். அந்த அதிகாரி இறந்த பிறகு, 1778-இல்தான் கொடுத்தார். பதிவேட்டில் இருப்பது அந்த வருஷம்தான். ஆனால் மறுக்கப்பட்டுக் காத்திருந்த அந்த வருஷங்களில் அவளுக்குக் கர்த்தர் அந்நியராகவா இருந்தார்? என்னால் அப்படி நினைக்க முடியவில்லை. மனிதர் பார்த்ததைத்தான் பதிவேடு சொல்லும்.

உங்கள் கணவரைப் பற்றி நீங்கள் எழுதிய இரண்டு பக்கத்தையும் இங்கே அச்சிட இடமில்லை. ஆலயப் பணியாளரான கோயில்பிள்ளை ஓய்வுபெற்ற பிறகு வேறு ஆள் வரும்வரை அவரே போய் ஞாயிறு முதல் மணி அடித்தது, பக்கவாதத்தில் பேச்சுப் போய் 11 நாள் கிடந்தது, நீங்கள் “கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்” என்று சொன்னபோது அவர் உதடு அசைந்தது. “அது ‘நான் தாழ்ச்சியடையேன்’ என்று சொல்லத்தானா, வெறும் துடிப்பா?” என்று கேட்டிருக்கிறீர்கள். நான்கு வருஷமாக அந்த உதட்டைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று தெரிகிறது.

அவர் சொன்னார் என்றே நான் நம்புகிறேன். ஆனால் சகோதரி, அவர் உதடு அசையாமலே போயிருந்தால்? பேச்சு போனவனின் உதட்டையா கர்த்தர் நம்பியிருப்பார்? மேய்ப்பன் ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு வரும்போது ஆடு பிடித்துக்கொள்வதில்லை, அவர்தான் பிடித்துக்கொள்கிறார். இன்னொருவர் முடிவைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல எனக்கும் அதிகாரம் இல்லை, ஜெபக்கூட்டத்துக்கு வந்தவர்களுக்கும் இல்லை. அவரை உங்களைவிட அதிகமாக நேசித்தவர் கையில் அவர் இருக்கிறார். அந்தக் கையை நீங்கள் 61 வருஷமாக அறிவீர்கள்.

அடுத்த திருவிருந்து ஆராதனைக்குப் போங்கள். போன மாதம் எழுந்து போகாமல் இருக்கையிலேயே இருந்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படி இருக்காதீர்கள். பீடத்தருகே முழங்கால்படியிட்டு, எப்போதும்போல வெறுங்கையை நீட்டுங்கள். குருவானவர் அப்பத்தை வைக்கும்போது உங்களிடம் தேதி கேட்கமாட்டார்.

அப்புறம், பேரனுக்கு மூன்று வயது, தாத்தாவைப் பார்த்ததில்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்த ஞாயிறு அவனையும் சீக்கிரமே கூட்டிக்கொண்டு போங்கள். முதல் மணி அடிக்கும்போது, இந்தக் கயிற்றை உன் தாத்தாவும் பிடித்து இழுத்தார் என்று காட்டுங்கள்.