லார்ட் பட்டம் வாங்கினால் பிரபுக்கள் சபையில் இடம் கிடைக்குமா?

கேள்வி: லண்டன் ஹாரோவில் முப்பது ஆண்டுகள் மளிகைக் கடை நடத்திய என் அப்பா, சென்ற ஆண்டு கடையை விற்றுவிட்டார். அவருக்கு அறிமுகமான தரகர் ஒருவர், 9,500 பவுண்டுக்கு ‘லார்ட் ஆஃப் த மேனர்’ என்ற பட்டத்தை வாங்கித் தருவதாகச் சொல்கிறார். பரம்பரை உறுப்பினர்களைப் பிரிட்டன் நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபையிலிருந்து நீக்கும் மசோதா சட்டமாவதற்கு முன் பதிவு செய்துவிட்டால், அப்பாவுக்கும் அவருக்குப் பின், மகளான எனக்குப் பிறந்த மகன்களுக்கும் சபையில் உட்காரும் உரிமை காப்பாற்றப்படுமாம். வங்காளத்துச் சின்ஹா பிரபுவை முன்னுதாரணமாகக் காட்டுகிறார். அப்பா 500 பவுண்டு முன்பணம் கொடுத்துவிட்டார். மீதியைக் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். அந்தத் தரகர் விற்பதாகச் சொல்லும் உரிமை விற்பனைக்கு உரியதே அல்ல. அவரிடம் உண்மையில் ஏதாவது இருந்தால், அதற்கும் நாடாளுமன்றத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அந்த மசோதாவால் உங்கள் அப்பாவின் நிலையில் இம்மியளவும் மாற்றம் வராது என்பதால், ‘அதற்கு முன்’ என்ற அவசரமே தரகர் உண்டாக்கியதுதான்.

குழப்பத்துக்குக் காரணம், ஆங்கிலேயர்கள் வெவ்வேறு பொருள்களுக்கு ‘லார்ட்’ என்ற ஒரே சொல்லை வைத்திருப்பது. பாரன், ஏர்ல் போன்ற பிரபுப் பட்டம் மன்னர் வழங்கும் கௌரவம். பிரபுக்கள் சபை இருக்கை அதிலிருந்து வேறானது. மேனர் என்பதோ பழைய பண்ணை நிர்வாகத்தின் எச்சம். நம் ஊரில் ஜமீன் ஒழிப்புக்குப் பிறகும் ஒரு குடும்பத்தை ‘ஜமீன் வீட்டார்’ என்று அழைப்பார்கள் அல்லவா, ஏறத்தாழ அதைப் போன்ற பெயர்தான் மேனர் பிரபு என்பதும். ஜமீன் வீட்டார் என்று ஊர் அழைப்பதால் சட்டமன்றத்தில் யாருக்கும் நாற்காலி கிடைத்துவிடுவதில்லை.

இருக்கையைப் பற்றி முதலில் சொல்கிறேன். 1999 நவம்பரில் நிறைவேறிய சட்டம், பரம்பரைப் பிரபுக்களில் 92 பேரைத் தவிர மற்ற அனைவரையும் சபையிலிருந்து நீக்கியது. தற்காலிக ஏற்பாடு என்று அன்று சொல்லப்பட்ட அந்த 92 பேரில் இருவர் அரண்மனைப் பதவியின் பொருட்டு இருந்தவர்கள்; மீதி 90 பேரும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். தேர்ந்தெடுத்தது மக்கள் அல்லர், பிரபுக்களே. ஒருவர் இறந்தாலோ ஓய்வு பெற்றாலோ இடைத்தேர்தல் நடந்தது. அதில் போட்டியிட ஏற்கெனவே பரம்பரைப் பிரபுவாக இருந்து பதிவேட்டில் பெயர் பெற்றிருக்க வேண்டியிருந்தது. 2016-இல் லிபரல் டெமாக்ரட் கட்சிப் பிரபு ஒருவரின் இடத்துக்கு நடந்த இடைத்தேர்தலில் ஏழு வேட்பாளர்கள் நின்றார்கள், வாக்காளர்களோ மூன்று பேர். அந்த மூன்று வாக்குகளும் வைகவுண்ட் தர்சோவுக்கு விழுந்தன. ஒரு ஜனநாயக நாட்டின் நாடாளுமன்றத்துக்குள் இப்படியொரு வாசல் இவ்வளவு காலம் திறந்திருந்ததே வெட்கக்கேடு. பரம்பரை அடிப்படையை நீக்கி மக்கள் அடிப்படையில் மேலவை அமைப்பதே நோக்கம் என்று 1911-ஆம் ஆண்டின் நாடாளுமன்றச் சட்டம் தன் முகவுரையிலேயே சொல்லிவிட்டது. ஒரு நூற்றாண்டு கடந்தும் அந்த வேலை முடியாததால்தான், அரைகுறைச் சீர்திருத்தத்தின் இடுக்கில் இத்தகைய தரகர்கள் பிழைக்கிறார்கள்.

அந்த இடைத்தேர்தல்களும் 2024 ஜூலையில் நிறுத்திவைக்கப்பட்டன. அதே ஆண்டு செப்டம்பரில் அரசு கொண்டுவந்து, நவம்பரில் பொதுமக்கள் சபையில் நிறைவேறிப் பிரபுக்கள் சபையின் விவாதத்துக்குப் போன மசோதாவின் நோக்கம், எஞ்சிய பரம்பரை இருக்கைகளையும் எடுத்துவிடுவது. அந்த விவாதம் அப்போது இருந்தவர்கள் நீடிக்கலாமா என்பதைப் பற்றியதே தவிர, பட்டத்தை விலைக்கு வாங்கியவர்களைச் சேர்ப்பதைப் பற்றியது அல்ல. அரச குடும்பத்துக்கு வெளியே ஒருவருக்குக் கடைசியாகப் பரம்பரைப் பட்டம் வழங்கப்பட்டது 1984-இல், முன்னாள் பிரதமர் ஹரோல்ட் மேக்மில்லனுக்கு. இன்று சபைக்குள் போகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் வாழ்நாள் பிரபுக்கள். அவர்களுடைய உரிமை பிள்ளைகளுக்குப் போகாது.

பிரபுப் பட்டத்தை விலைக்கு வாங்கவும் முடியாது. லாயிட் ஜார்ஜ் பிரதமராக இருந்த காலத்தில் பட்டங்கள் பணத்துக்குக் கைமாறின. அந்த அவலத்தின் பின்விளைவாக 1925-இல் ஒரு சட்டம் வந்தது. பட்டம் வாங்கித் தருவதாகச் சொல்லிப் பணம் பெறுவதும், அதற்காகப் பணம் கொடுப்பதும் அதன்படி குற்றம். மாண்டி கிரெகரி என்ற தரகர் 1933-இல் அதன்கீழ் தண்டிக்கப்பட்டார். இரண்டு மாதச் சிறையும் 50 பவுண்டு அபராதமும்தான் தண்டனை. அந்தச் சட்டத்தில் தண்டிக்கப்பட்டவர் அவர் ஒருவரே என்பது தரகர்கள் நேர்மையானவர்களாகிவிட்டதைக் காட்டவில்லை, அவர்கள் சொற்களை எச்சரிக்கையாகத் தேர்ந்தெடுக்கப் பழகிவிட்டதையே காட்டுகிறது. சபையில் இடம் என்பதை வாயால் சொல்வார்கள். ஒப்பந்தத்தில் மேனர் என்று மட்டும் எழுதுவார்கள். உங்கள் அப்பாவின் கையில் உள்ள தாளைப் படித்துப் பாருங்கள், நாடாளுமன்றம் என்ற சொல்லே அதில் இருக்காது என்று நினைக்கிறேன்.

சின்ஹா பிரபுவின் கதையைத் தரகர் இழுத்திருப்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சத்யேந்திர பிரசன்ன சின்ஹா, வங்காளத்து ராய்ப்பூரின் பெயரால் 1919-இல் பாரன் பட்டம் பெற்றார்; பிரபுக்கள் சபையில் அமர்ந்த முதல் இந்தியர் அவரே. அவர் அதை வாங்கவில்லை. இந்திய விவகாரத்துக்கான துணை அமைச்சராக நியமிக்கப்பட்டு, அந்த ஆண்டின் இந்திய அரசுச் சட்டத்தைச் சபையில் நடத்திச் செல்ல அரசுக்கு அவர் அங்கே தேவைப்பட்டார். 1928-இல் அவர் இறந்த பிறகு, மூத்த மகன் அருண் குமார் சின்ஹா தந்தையின் இருக்கையைக் கோரியபோது, அவர் சட்டப்படியான வாரிசா என்ற கேள்வி எழுந்தது. பெற்றோர் திருமணம் செய்துகொண்ட காலத்தில் இந்து முறைப்படி ஓர் ஆண் ஒன்றுக்கு மேற்பட்ட மனைவியரை மணக்க இடம் இருந்ததால், ஆங்கிலச் சட்டம் அந்தத் திருமணத்தை ஏற்குமா என்று ஆராய்ந்தார்கள். பெற்றோர் பின்னர் ஒருதார மணத்தை வலியுறுத்தும் பிரம்ம சமாஜத்தில் சேர்ந்ததால் அந்தத் திருமணமும் ஒருதார மணமாகிவிட்டது என்று சபையின் உரிமைக் குழு முடிவு செய்து, மகனின் கோரிக்கையை ஏற்றது 1939-இல். மன்னரின் பட்டயம் கையில் இருந்தும், ஒருவர் தன் தந்தைக்குத் தாம் வாரிசு என்பதை நிறுவ ஏறத்தாழ 11 ஆண்டுகள் ஆயின. இந்த வரலாற்றை வைத்துக்கொண்டா ஒருவர் சில வாரங்களில் பதிவு செய்து தருகிறேன் என்கிறார்?

உங்கள் மகன்களைப் பற்றிய வாக்குறுதியும் பொய். பெரும்பாலான பிரபுப் பட்டங்கள் ஆண் வழியில் மட்டுமே செல்பவை. மகள் வழிப் பேரனுக்குப் போகாது. உங்கள் அப்பாவுக்கு உண்மையான பாரன் பட்டமே இருந்திருந்தாலும் அது உங்களைத் தாண்டி உங்கள் பிள்ளைகளை எட்டியிருக்காது. மார் சீமாட்டி 2020-இல் ஓய்வு பெற்ற பிறகு சபையின் பரம்பரை உறுப்பினர்களில் ஒரு பெண்கூட இருக்கவில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

மேனர் மட்டும் சட்டப்படி விற்கவும் வாங்கவும் கூடியது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் 2003 அக்டோபர் 13-க்குப் பிறகு இங்கிலாந்தின் நிலப் பதிவகம் எந்த மேனரையும் முதன்முறையாகப் பதிவு செய்வதில்லை. ஏற்கெனவே பதிவான மேனர் என்றால் அதற்கு உரிமை எண் உண்டு, சிறு கட்டணம் செலுத்தி நீங்களே நகல் எடுத்துப் பார்க்கலாம். எண் இல்லை என்றால், பல தலைமுறைப் பத்திரங்கள் ஒன்றோடொன்று தொடர்ந்து வருவதைச் சரிபார்க்க வேண்டும்; தரகர்கள் பெரும்பாலும் நழுவும் இடம் இதுதான். உரியவர் இல்லாமல் கிடந்த மேனரைக் கண்டுபிடித்ததாகவும், உறுதிமொழிப் பத்திரம் எழுதித் தம் பெயருக்கு மாற்றிக்கொண்டதாகவும் சொல்வார்கள். ஒருவர் உறுதிமொழி எழுதியதால் மட்டும் உரிமை பிறந்துவிடாது. தரகரே பரிந்துரைக்கும் வழக்கறிஞரிடம் இதைக் கொண்டு போகாதீர்கள். அவர் யாருக்காக வேலை செய்கிறார் என்பதைக் கடைசிவரை நீங்கள் அறிய மாட்டீர்கள்.

இதே கடையில் வேறு சரக்குகளும் உண்டு. ஸ்காட்லாந்தில் ஒரு சதுர அடி நிலம் வாங்கினால் பிரபு ஆகலாம் என்பார்கள். அந்நாட்டின் நிலப் பதிவேடு இத்தகைய நினைவுப் பரிசு மனைகளைப் பதிவு செய்வதில்லை. பெயரையே லார்ட் என்று மாற்றிக்கொள்ளலாம் என்பார்கள். அப்படி மாற்றினால் அது வெறும் பெயர். பெயரை மாற்றி மக்களை ஏமாற்றினால் அதுவே தனி வழக்கு.

கொடுத்த 500 பவுண்டுக்காக, சபையில் இடம் உறுதி என்று எழுதித் தருமாறு தரகரிடம் மின்னஞ்சலில் கேளுங்கள். எழுதித் தர மாட்டார். அந்த மறுப்பும், அதற்கு முன் அவர் அனுப்பிய செய்திகளும் உங்களுக்குச் சாட்சியாகும். அன்றே வங்கியைத் தொடர்புகொண்டு, எந்த நாளில், எந்தக் கணக்குக்கு, எந்த வாக்குறுதியின் பேரில் பணம் போனது என்று தெரிவித்துக் காவல்துறையின் மோசடிப் பிரிவிலும் புகார் பதியுங்கள். அப்பா வெட்கப்பட்டுப் புகார் வேண்டாம் என்று சொல்லக்கூடும். அவரோடு பக்கத்தில் உட்கார்ந்து, தேதிகளை அவர் வாயாலேயே சொல்லச் சொல்லி நீங்கள் எழுதுங்கள்.