வாசகர் கேள்வி பதில்: கடுவன், மந்தி, காடு

கேள்வி: புக்கிட் தீமா வனப்பகுதிக்குள் அமைதியாக இரை தேடும் குரங்குகள், சாலையோரத்துக்கு வந்ததும் ஒன்றையொன்று விரட்டுகின்றன, நம் பைகளையும் பறிக்கின்றன. இவை வெவ்வேறு கூட்டங்களா, அல்லது இடம் மாறினால் குணமும் மாறுமா?
வாசகி, புக்கிட் பாஞ்சாங்

பதில்: ஒரே கூட்டமே இடத்துக்கேற்ப இப்படி மாறி நடக்கக்கூடும். நீங்கள் பார்ப்பவை நீள்வால் குரங்குகள். அவற்றின் கூட்டம் தாய்வழி உறவால் அமைந்தது. மகள்கள் பிறந்த கூட்டத்திலேயே தங்கி, தாய்க்கு அடுத்த தகுதியைப் பெறுகின்றன. அக்காள் தங்கையரில் பெரும்பாலும் தங்கையே மேலிடம் பெறுவது நமக்கு வியப்பாக இருக்கும். இந்தத் தகுதி வரிசை எங்கும் உண்டு என்றாலும், அது எவ்வளவு கடுமையாக வெளிப்படும் என்பது பெரிதும் உணவு கிடைக்கும் விதத்தைப் பொறுத்தது. இலையும் பூச்சியும் பரவிக் கிடக்கும் காட்டில் தகுதி குறைந்த மந்தியும் (பெண் குரங்கும்) சற்று விலகி அமர்ந்து வயிறு நிரப்பிக்கொள்ளலாம். யாரோ ஒருவர் ரொட்டியை ஒரே இடத்தில் கொட்டும்போதோ, அந்தக் குவியலைத் தமக்கே வைத்துக்கொள்ள முடியும் என்பதால், தலைமைக் கடுவனும் (ஆண் குரங்கும்) உயர்நிலை மந்திகளும் மற்றவற்றை விரட்டுகின்றன.

சூழல் எதிர்த்திசையிலும் மாற்றும். போர்ட்டோ ரிக்கோவை அடுத்த காயோ சான்டியாகோ தீவில், 1938-இல் இந்தியாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட ரீசஸ் குரங்குகளின் வழித்தோன்றல்கள் வாழ்கின்றன. சண்டைக்குப் பேர்போன இனம் அது. 2017 செப்டம்பரில் மரியா சூறாவளி தீவின் மரங்களில் பெரும்பகுதியை அழித்தபின், வெயில் 40 டிகிரி செல்சியசைத் தாண்டும் அந்த இடத்தில் நிழல் அரிதாயிற்று. அதன்பின் அவை சண்டையைக் குறைத்துக்கொண்டு, எஞ்சிய நிழலில் நெருங்கி அமரத் தொடங்கின. அவ்வாறு பிறரைப் பொறுத்துக்கொண்ட குரங்குகளே அதிகம் பிழைத்தன என்று ஆய்வாளர்கள் கண்டனர். ரொட்டியைப்போல் நிழல் பகிர்ந்தால் தீர்ந்துபோவதில்லை என்பதே இந்த வேறுபாட்டுக்கு முக்கியக் காரணம் என்று நான் கருதுகிறேன்.

ஆகவே, சாலையோரச் சண்டையின் பொறுப்பில் பெரும்பங்கு உணவளிக்கும் நம்மையே சேரும். சிங்கப்பூரில் வனவிலங்குகளுக்கு உணவளிப்பது 2020 முதல் வனவிலங்குச் சட்டப்படி குற்றம். முதல்முறை பிடிபட்டால் 5,000 வெள்ளி வரை அபராதம் உண்டு. இரக்கத்தால் செய்தாலும் அது அந்தக் குரங்குகளுக்கே தீங்கு.

கேள்வி: எங்கள் புளோக்கின் கீழே ஒற்றைக் குரங்கு ஒன்று திரிகிறது. கூட்டத்தால் ஒதுக்கப்பட்டதா?
வாசகர், ஈசூன்

பதில்: பெரும்பாலும் அது இளங்கடுவனாக இருக்கும். பருவமெய்தும் கடுவன்கள் பிறந்த கூட்டத்தை விட்டு வேறு கூட்டம் தேடிப் போவது இயல்பு. நெருங்கிய உறவுக்குள் இனப்பெருக்கம் நிகழ்வதை அது குறைக்கிறது. சிங்கப்பூரில் காடுகளுக்கு நடுவே வீடுகளும் விரைவுச்சாலைகளும் இருப்பதால் அந்தப் பயணம் உங்கள் புளோக் வழியாகவும் செல்கிறது. உணவு தராமல், பிளாஸ்டிக் பைகளைக் கண்ணில் படாமல் வைத்து, சன்னல்களை மூடிவிடுங்கள். அதன் கண்ணை உற்றுப் பார்க்க வேண்டாம். குரங்கு அதை மிரட்டலாகவே எடுத்துக்கொள்ளும்.